மாசியில் மல்லிகை அரும்ப, கார்த்திகையில் கத்தரியை எடுங்கள்

எங்கள் மொட்டைமாடியில் முதன்முதலாக வைத்த குண்டுமல்லி இரண்டு ஆண்டுகள் பூக்கவே இல்லை. செடிக்கு ஒரு நோயும் இல்லை, ஒரு பூச்சியும் இல்லை. இலைகள் கரும்பச்சையாகப் பளபளத்தன. கொடிகள் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தன. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் "நன்றாக வளர்த்திருக்கிறீர்களே" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். பூ மட்டும் கடையில் வாங்கினோம்.

தெருமுனையில் பூ விற்கும் அம்மா உசிலம்பட்டிப் பக்கத்தில் பூந்தோட்டத்திலேயே வளர்ந்தவர். அவரிடம் ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டேன். "என்ன உரம் போடுகிறாய் தம்பி?" என்று கேட்டார். பட்டியலைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "ஊட்டி ஊட்டி வளர்த்தால் தழைதான் வரும். வெட்டு, வாடப் போடு, அப்புறம் பார்" என்றார். அந்தக் கார்த்திகையில் அவர் சொன்னபடியே செய்தேன். மாசிக் கடைசியில் மொட்டு வந்தது. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் செய்து, தப்பும் செய்து, கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

காலக்கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏட்டுக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் பூக்காலம் அதற்கு முன்பே, மாசியிலேயே தலைகாட்டிவிடும். குளிர்ந்த இரவுகள் விலகி வெயில் ஏற ஏற மல்லிகை அரும்பு கட்டும். மார்கழி, தையில் மல்லிகை விலை எகிறுவதும் பங்குனியில் சரிவதும் இதனால்தான்.

உங்களிடம் இருப்பது எந்த மல்லி?

நாற்றுப்பண்ணையில் எதைக் கேட்டாலும் "மல்லி" என்றே தருவார்கள். பூக்காத செடியை இலையைப் பார்த்துத்தான் இனம் காண வேண்டும். குண்டுமல்லிக்கு ஒற்றை இலை. சற்று உருண்டையாக, ஒரு கணுவில் எதிரும் புதிருமாக இரண்டு இருக்கும். பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் சொல்கிறோமே, அதன் இலை பல சிற்றிலைகள் சேர்ந்து கறிவேப்பிலை ஈர்க்கு போலத் தெரியும். மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல் ஓடும். முல்லையின் இலை சிறியது. இலைக் காம்பின் அடியைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் காது மடல் போல இரண்டு குட்டி இலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லா இலையிலும் இருக்காது. நாலைந்தைத் திருப்பிப் பாருங்கள்.

இந்தப் பாகுபாடு ஏன் முக்கியம் என்றால், வெட்டும் நாள் இனத்துக்கு இனம் மாறும். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம். முல்லைக்கும் பிச்சிக்கும் ஜனவரி கடைசி வாரம். பூ உழவர்கள் பின்பற்றும் கணக்கு இதுதான். தொட்டிச் செடிக்கும் இதுவே பொருந்தும். இனி நான் சொல்வது பெரும்பாலும் குண்டுமல்லிக்கு. மதுரை மல்லி என்று 2013இல் புவிசார் குறியீடு பெற்றதும் இந்த இனம்தான். புதிதாக வாங்குகிறவர்கள் இராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பகுதி நாற்று என்று சொல்லி விற்பதைக் கேட்டிருப்பீர்கள். மல்லிகைப் பதியன் நாற்றுக்குப் பெயர்போன ஊர் அது.

வெட்டுவதற்கு முன் வெயிலைப் பாருங்கள்

மல்லிகைக்கு ஒரு நாளில் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வெளிச்சமாக இருக்கும் பால்கனி போதாது. வெயில் இலைமேல் விழ வேண்டும். இதில் பலரும் சறுக்குவது ஒரு சின்ன விஷயத்தில். ஆடியில் நல்ல வெயில் விழுந்த இடத்தில் மார்கழியில் நிழல் விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. சென்னையில் அப்போது நண்பகலில்கூட, தெற்குப் பக்கத்து மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் வடக்கே இரண்டடிக்கு மேல் நீளும். அந்தச் சுவரை ஒட்டி வைத்த தொட்டி, துளிர் விட வேண்டிய இரண்டு மாதமும் நிழலிலேயே கிடக்கும். எங்கள் செடி இரண்டு ஆண்டு பூக்காமல் இருந்ததில் பாதிப் பழி இந்தச் சுவருக்கு.

ஆகவே வெட்டுகிற அன்றே தொட்டியைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். சித்திரை பத்து, பன்னிரண்டு தேதி வாக்கில் சூரியன் சென்னையின் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அப்போது எங்கே வைத்தாலும் ஒன்றுதான். தரைச் சூட்டில் வேர் வேகாமல் அடியில் இரண்டு செங்கல் கொடுத்தால் போதும்.

வாடப் போடுதல்

கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிக் குட்டையாக்குவதற்கு, பத்து நாள் முன்னதாகத் தண்ணீரை நிறுத்த வேண்டும். இந்த இடத்தில் மனம் கேட்காது. ஐந்தாம் நாள் இலையின் பளபளப்பு போய்விடும். ஏழாம் நாள் நுனி தொங்கும். குவளையோடு ஓடக் கூடாது. வளர்ந்துகொண்டே இருக்கும் செடி, பட்டினியில் அந்த ஓட்டத்தை நிறுத்துகிறது. நின்ற செடியை வெட்டினால்தான் எல்லாக் கணுக்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண் திறக்கும். தொட்டி சிறியதாக இருந்து, குச்சியே சுருங்கத் தொடங்கினால் மட்டும் ஒரு டம்ளர் ஊற்றுங்கள்.

சிக்கல் வடகிழக்குப் பருவமழை. சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் நவம்பர் கடைசியில் வானம் நம் பேச்சைக் கேட்காது. தொட்டியைப் படிக்கட்டுக் கூரையின் கீழே இழுத்து வைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மழை ஓயும்வரை, டிசம்பர் நடுப்பகுதி வரைகூடக் காத்திருக்கலாம். இரண்டு வாரம் தள்ளினால் பூவும் ஏறத்தாழ அவ்வளவுதான் தள்ளும். கொட்டும் மழையில் வெட்டி, வெட்டுவாயில் நீர் கோத்துக் குச்சி கறுத்துக் கீழே வரை காய்வதைவிட அது மேல். நான் ஒருமுறை அவசரப்பட்டு மூன்று நல்ல கிளைகளை அப்படி இழந்தேன்.

கவாத்து

கூரான கவாத்துக் கத்தரி வேண்டும். சமையலறைக் கத்தரிக்கோல் குச்சியை நசுக்கும். வெட்டும் முன் கத்தரியின் வாயைச் சுடுதண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ துடைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காய்ந்த குச்சி, பென்சில் தடிமனில் பாதிகூட இல்லாத நோஞ்சான் குச்சி, ஒன்றோடொன்று உரசும் குச்சி ஆகியவற்றை அடியோடு நீக்குங்கள். பிறகு எஞ்சியதைக் குட்டையாக்குங்கள். தரையில் நிற்கும் செடிக்கு மண்ணிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம். தொட்டிச் செடிக்கு ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடி. ஒவ்வொரு வெட்டும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே, கால் அங்குலம் விட்டு, சாய்வாக இருக்கட்டும். கடைசியாக மிச்சமிருக்கும் இலைகளையும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிடுங்கள். கீழ்நோக்கி உருவினால் கணுவில் உறங்கும் மொட்டும் சேர்ந்து வந்துவிடும். இலைக் காம்பில் கிள்ளுவதே சரி. முடித்துப் பார்த்தால் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு மொட்டைக் குச்சிகள்தான் நிற்கும். வீட்டில் ஒருவராவது "கொன்றுவிட்டாயே" என்பார்.

ஏன் இத்தனை கொடுமை? மல்லிகை பூப்பது புதிய துளிரின் நுனியில். பழைய கிளை எவ்வளவு தடித்திருந்தாலும் அதன் மேல் பூ வராது. அதிலிருந்து கிளம்பும் இளங்கிளையில்தான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் குச்சி, ஒவ்வொன்றிலும் மேல் இரண்டு கணு விழித்தால், கணுவுக்கு இரண்டாக 40 துளிர். ஒவ்வொரு துளிர் நுனியிலும் பெரும்பாலும் மூன்று மொட்டுக் கொத்து. நடு மொட்டு முதலில் விரியும், பக்கத்து இரண்டும் பின்னால் வரும். முதல் சுற்றிலேயே 120 மொட்டு. வெட்டாமல் விட்ட எங்கள் பழைய செடியில் நாலைந்து கொடிதான் நுனி நுனியாக ஓடிக்கொண்டிருந்தது.

மண்ணும் உரமும்

வெட்டிய அன்றே மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி அள்ளிவிடுங்கள். வேர் தென்பட்டால் பயப்பட வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு மேல் அதே தொட்டியில் இருந்தால், செடியை மண்கட்டியோடு வெளியே எடுத்து, சுற்றிச் சுற்றிப் பாய் போல முடைந்திருக்கும் வேரைக் கத்தியால் ஓர் அங்குலம் செதுக்கிவிட்டுப் புது மண்ணில் வைக்கலாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. தேங்காய் நார்த்தூளை மட்டும் நம்பி மாடித்தோட்டம் போடுபவர்கள் உண்டு. கீரைக்கு அது சரி. மல்லிகைக்கு வேர் பிடித்து நிற்கக் கொஞ்சம் கனமான மண் வேண்டும் என்பது என் அனுபவம். தொட்டி வாய் 14 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

அள்ளிய இடத்தில் மண்புழு உரம் இரண்டு கை, வேப்பம் புண்ணாக்கு ஒரு கை, எலும்புத்தூள் அரைக் கை சேர்த்துக் கலந்து நிரப்புங்கள். எலும்புத்தூள் வீட்டுக்கு ஆகாது என்பவர்கள் தொழுவுரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இங்கேதான் நான் முதல் இரண்டு ஆண்டும் கோட்டைவிட்டேன். கடலைப் புண்ணாக்குக் கரைசலும் யூரியாவும் மாறி மாறி ஊற்றினேன். இரண்டும் தழைச்சத்து (நைட்ரஜன்), தழையும் கொடுத்த கூலிக்குச் செழித்து வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வயல் குண்டுமல்லிக்குச் சொல்லும் அளவு, செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 கிராம் சாம்பல்சத்து (பொட்டாஷ்). இதைக் கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன், ஜூலையில் பாதியாகத் தரச் சொல்கிறார்கள். தொட்டிக்கு இந்த எடையைப் போட்டால் வேர் கருகிவிடும். விகிதத்தைப் பாருங்கள்: தழைச்சத்து ஒன்று என்றால் மற்றவை இரண்டு. வாழைப்பழத் தோல் ஊறிய நீர், வெங்காயத் தோல் நீர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அவற்றை உரக்குழியில் போட்டு மட்கவைத்துப் போட்டால் பயன் உண்டு. ஊறவைத்து ஊற்றுவதில் கொசுதான் வளர்கிறது.

மார்கழியும் தையும்: காத்திருப்பு

வெட்டிய அன்று ஒருமுறை நிறைய தண்ணீர். பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும். இலையே இல்லாத செடி அதிகம் குடிக்காது. இந்த நேரத்தில் தினமும் ஊற்றித்தான் பலர் வேரை அழுக வைக்கிறார்கள். இரண்டு வாரத்தில் கணுக்களில் ஊசிமுனை அளவுக்குச் செம்பச்சை தெரியும். அதன் பிறகு குளிர் இரவுகள் வேகத்தைக் குறைக்கும். தை பிறந்தும் நான்கு அங்குலத் துளிர்தான் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம்.

இந்த நேரத்தில் இரண்டு வேலை. மண்ணுக்கடியிலிருந்தோ தண்டின் அடியிலிருந்தோ ஒரே ஒரு துளிர் மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு, கணுவுக்குக் கணு நீண்ட இடைவெளியோடு பாயும். அது பூக்க வருகிற துளிர் இல்லை. நுனியைக் கிள்ளிவிடுங்கள். இரண்டாவது, புதிய இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரை ஊற்றும் வீடுகளில் இது சகஜம். இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி உப்பு, அதாவது பெர்ரஸ் சல்பேட், லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் பத்துப் பதினைந்து நாளில் அடுத்து வரும் இலை பச்சையாக வரும். பழைய மஞ்சள் இலை முழுதாகத் தேறாது.

மாசியில் மொட்டு தெரிந்ததும்

மாசி நடுவில் துளிர் நுனிகளைத் தினமும் பாருங்கள். முதலில் நுனி இலைகள் இரண்டு சிறுத்து வரும். அவற்றுக்கு நடுவே, நூல் நூலாக விரிந்த பச்சைப் புல்லி இதழ்களுக்குள், சீரகம் அளவில் ஒன்று தெரியும். இதுவரை பட்டினி, சிக்கனம் என்று சொன்னதெல்லாம் இந்த நிமிடத்தோடு முடிகிறது. இனி ஒருநாள்கூட மண் காயக் கூடாது. மொட்டு கட்டிய பிறகு வாடினால், அரும்பு பழுத்துக் கொட்டும். காலையில் வேர் நனைய ஊற்றுங்கள்; பங்குனி வெயில் ஏறியதும் மாலையிலும். மண்மேல் காய்ந்த இலைச் சருகை மூடாக்காகப் பரப்புங்கள்.

பூச்சி வருவதும் இப்போதுதான். மூன்று பேரை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். மொட்டில் வட்டமான சிறு துளை, உள்ளே பச்சைப் புழு, இரண்டு மொட்டை நூலால் பின்னி வைத்திருக்கிறது என்றால் மொட்டுப்புழு. துளை இல்லாமல் மொட்டின் அடி வீங்கி, நிறம் ஊதாவாக மாறி, விரியாமலே காய்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. இலையின் மேற்பரப்பில் வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை என்றால் செம்பேன். செம்பேனுக்கு இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே பாதி மருந்து. மற்ற இரண்டுக்கும், கெட்ட மொட்டை உடனே கிள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். தொட்டியிலோ உரக்குழியிலோ போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடுகட்டித் திரும்ப வரும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சில துளி சோப்புக் கரைசலோடு, வாரம் ஒருமுறை மாலையில். தலையில் வைக்கிற பூ. வீட்டில் வேறு மருந்து வேண்டாம்.

பறித்தலும் அடுத்த சுற்றும்

விற்பனைக்குப் பறிப்பவர்கள் விடியும் முன்பே பறிப்பார்கள். வீட்டுக்கு மாலை நாலு மணி வசதி. பச்சை சுத்தமாக மறைந்து, பால்வெள்ளையாக, நுனி இறுக்கமாகவே இருக்கும் மொட்டு அன்றிரவு விரியும். நுனியில் இன்னும் பச்சை தெரிந்தால் நாளைக்கு. காம்போடு சேர்த்துக் கிள்ளுங்கள். காம்பு இருந்தால்தான் கட்ட முடியும். பக்கத்து இரண்டு மொட்டில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் முடிந்த துளிரை அப்படியே விட்டால் சும்மா நிற்கும். கொத்துக்குக் கீழே இரண்டு ஜோடி இலை தள்ளி வெட்டிவிடுங்கள். அங்கிருந்து இரண்டு துளிர் வரும். வெயில் நாளில் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் மறுபடி மொட்டு. இப்படியே ஆவணி வரை ஓட்டலாம்.

இதை மாசியில் படிக்கிறவர்கள், "இப்போதே வெட்டலாமா?" என்று கேட்பீர்கள். அடியோடு வேண்டாம். நுனியில் கால்பங்கு மட்டும் வெட்டி, இலையைக் கிள்ளி, வெயிலில் வையுங்கள். சித்திரையில் கொஞ்சம் பூ பார்த்துவிட்டு, முழுக் கவாத்தைக் கார்த்திகைக்கு ஒத்திப்போடலாம்.

கூடவே பூக்கும் மற்றவை

இதே மாதங்களில் தோட்டத்தில் இன்னும் சில பூக்கின்றன; அவற்றுக்கும் வாடப் போடும் பாடம் ஓரளவு பொருந்தும். எலுமிச்சைக்குத் தண்ணீரைச் சில வாரம் குறைத்துப் பிறகு நிறைய ஊற்றினால் துளிரோடு பூ தள்ளும். மாமரம் பூக்கும் முன் ஈரம் அதிகமிருந்தால் பூவுக்குப் பதில் இலைத் துளிர் விடும். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு நீர் கொடுங்கள். முருங்கையில் பூ கொட்டுகிறது என்றால் பெரும்பாலும் நீர் கூடிவிட்டது, அல்லது ஒரேயடியாகக் குறைந்துவிட்டது. வேம்புக்கு நாம் செய்ய ஒன்றுமில்லை. பங்குனிக் கடைசியில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால், சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேண்டிய பூ மண் படாமல் கிடைக்கும்.

அந்த முதல் ஆண்டு மாசிக் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் தொட்டியில் பதினோரு மொட்டு கிடைத்தது. கட்டினால் அரைச் சாண்கூட வரவில்லை. மனைவி அதைச் சரமாக்காமல் மண்பானைத் தண்ணீரில் போட்டுவிட்டாள். அடுத்த வெள்ளிக்கு இரண்டு முழம். ஒன்றைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தவர், "காம்பைக் குட்டையாகக் கிள்ளியிருக்கிறாய் தம்பி, கட்டு நெகிழ்கிறது பார்" என்று பிரித்துத் தன் நாரால் மறுபடி கட்டத் தொடங்கினார்.